சிக்னல் மீட்டரின் முள் அசையவில்லையா? வாங்குமுன் சோதியுங்கள்

பழைய ரேடியோ ரிசீவர்களில் நிலையத்தின் வலிமையைக் காட்டும் சிக்னல் மீட்டர் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன். பெரும்பாலான கடிதங்களில் தேவையற்ற செலவுக்கு ஒருவர் தயாராக நிற்பது தெரிகிறது. அதனால் முதல் பதில் சற்று நீளம்.

கேள்வி: 1970களில் தயாரான ஷார்ட்வேவ் ரிசீவர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒலி வருகிறது. ஆனால் சிக்னல் மீட்டரின் முள் இடது ஓரத்திலேயே கிடக்கிறது. அதே மாடலின் மீட்டர் ஒன்றை ஒருவர் விற்கிறார். அவர் சொல்லும் விலை முழு ரேடியோவின் விலையில் பாதி. வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முள் அசையவில்லை என்பதால் மீட்டர் கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது. மீட்டருக்குள் இருப்பது ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் சுழலும் மெல்லிய கம்பிச் சுருள், சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டுசென்று முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி இழுக்கும் இரண்டு மயிரிழை ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். மிகை மின்னோட்டமோ பலமான அடியோ படாதவரை இது பல பத்தாண்டுகள் உழைக்கும். மூப்பால் முதலில் தளர்வது அதை இயக்கும் சுற்று. கசியும் மின்தேக்கி, மதிப்பு மாறிப்போன ரெசிஸ்டர், அழுக்கேறிய பிரிசெட் (திருகித் திருத்தும் சிறு மாறு ரெசிஸ்டர்) ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சிக்னல் மீட்டர் பெரும்பாலும் ஏஜிசி எனப்படும் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை ஒட்டியே வேலை செய்கிறது. வலுவான நிலையம் வந்தால் ஏஜிசி மின்னழுத்தம் மாறி ரிசீவரின் பெருக்கத்தைக் குறைக்கும். அந்த மாற்றத்தைத்தான் முள் காட்டுகிறது. ஆகவே முதலில் ஏஜிசி சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் பல ரிசீவர்களில் முள் எழும்பாது. அடுத்து காதைப் பயன்படுத்துங்கள். அருகிலுள்ள வலுவான நிலையம் கரகரத்து அலறுகிறதா? தொலைவிலுள்ள நிலையம் முனகலாகக் கேட்கிறதா? இரண்டுக்கும் நடுவே ஒலியில் பெரிய வேறுபாடு இருந்தால் ஏஜிசியே படுத்துவிட்டது என்று பொருள். புது மீட்டரை மாட்டினாலும் அதன் முள்ளும் அங்கேயே கிடக்கும்.

ஏஜிசி சரியாகத் தோன்றினால், வலுவான நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மீட்டரின் இரு முனைகளுக்கும் நடுவே டிஜிட்டல் மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவையில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தும் முள் அசையவில்லை என்றால் சந்தேகம் மீட்டர் மேல் திரும்புகிறது. ஒன்றுமே இல்லையென்றால் சுற்றைப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: வால்வு (வெற்றிடக் குழாய்) ரிசீவர்களில் இந்த முனைகள் சேசிஸைப் (ரேடியோவின் உலோகச் சட்டத்தை) பொறுத்து 100 அல்லது 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். முனைகளுக்கு இடையே வேறுபாடு சிறியதுதான், ஆனால் கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடிந்தபின் கிளிப்புகளை மாட்டுங்கள். பிறகு கையை எடுத்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் வால்வு ரிசீவரைத் திறக்காமல் பழுது நீக்குபவரிடம் கொடுப்பதே சரி.

மீட்டரைக் கழற்றிவிட்டால் சோதனை இன்னும் எளிது. ஆனால் மல்டிமீட்டரின் ஓம்ஸ் அளவையை அதன்மேல் வைக்கவே கூடாது. முள் வைத்த பழைய மல்டிமீட்டர்கள் தாழ்ந்த ஓம்ஸ் அளவையில் செலுத்தும் மின்னோட்டம் இந்த மென்மையான சுருளை எரித்துவிடும், அல்லது முள்ளை ஓரத்தில் அடித்து வளைத்துவிடும். 1.5 வோல்ட் செல் ஒன்றுடன் 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துத் தொடங்குங்கள். பாய்வது 1.5 மைக்ரோ ஆம்பியர்தான். அசைவில்லையென்றால் 1 லட்சம் ஓம், அது 15 மைக்ரோ ஆம்பியர். பிறகு 10 ஆயிரம் ஓம், 150 மைக்ரோ ஆம்பியர். கடைசியாக 1,500 ஓம், அதில் 1 மில்லி ஆம்பியர் பாயும். முள் எழுந்த கணத்திலேயே நிறுத்திவிடுங்கள். சீராக எழுந்து பூஜ்யத்துக்குத் திரும்பினால் உங்கள் மீட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. அந்த விற்பனையாளரை மறந்துவிடலாம்.

கேள்வி: என் ரிசீவரின் மீட்டர் உண்மையிலேயே போய்விட்டது. அது 500 மைக்ரோ ஆம்பியர் என்று கையேட்டில் இருக்கிறது. கிடைப்பதோ 100 மைக்ரோ ஆம்பியர் மீட்டர். பொருந்துமா?

பதில்: பொருத்தலாம். மூலத்தைவிட நுண்ணிய மீட்டர் கிடைத்தால் இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்து அதன் அளவை உயர்த்திவிடலாம். மறுதலையாக, 1 மில்லி ஆம்பியர் மீட்டரை 500 மைக்ரோ ஆம்பியர் சுற்றில் போட்டால் முள் பாதிக்கு மேல் போகாது. அதைத் தனி பெருக்கிச் சுற்று இல்லாமல் சரிசெய்ய வழியில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம்.

கணக்குக்குப் புதிய மீட்டரின் சுருள் மின்தடை தெரிய வேண்டும். 9 வோல்ட் பேட்டரியுடன் ஏறத்தாழ 90 ஆயிரம் ஓம் வைத்து, அதைச் சற்றே கூட்டிக் குறைத்து முள்ளைக் கடைசிக் கோட்டில் நிறுத்துங்கள். பிறகு மீட்டருக்கு இணையாக ஒரு மாறு ரெசிஸ்டரை மாட்டி, முள் சரிபாதிக்கு இறங்கும்வரை திருப்புங்கள். அந்த ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் கிடைப்பதே சுருளின் மின்தடை. அது 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 மைக்ரோ ஆம்பியரில் 100 மீட்டர் வழியாகப் போக, மீதி 400 இணை ரெசிஸ்டர் வழியாகப் போக வேண்டும். எனவே 1,000 ஓமை 100ஆல் பெருக்கி 400ஆல் வகுத்தால் 250 ஓம். இரண்டும் சேர்ந்து சுற்றுக்கு 200 ஓமாகத் தெரியும். உங்கள் பழைய மீட்டர் 500 ஓம் என்று கையேடு சொன்னால், இந்தக் கூட்டுக்குத் தொடராக 300 ஓம் சேர்த்துவிடுங்கள். சுற்றுக்கு வேறுபாடே தெரியாது.

மின்னோட்டம் பொருந்திவிட்டது என்றவுடன் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முள் எந்தப் பக்கம் ஓய்வெடுக்கிறது என்று பாருங்கள். சில வால்வு ரிசீவர்களில் சிக்னல் இல்லாதபோதுதான் மீட்டரில் மின்னோட்டம் அதிகம். சிக்னல் ஏற ஏற அது குறையும். மின்னோட்டம் இல்லாதபோது அவற்றின் முள் வலது ஓரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட சுற்றில் சாதாரண மீட்டரைப் போட்டால் எல்லாம் தலைகீழாகக் காட்டும். அடுத்தது பேனலின் துளை விட்டம், திருகுகளின் இடைவெளி, பின்பக்க ஆழம். துளை சிறிதாக இருக்கிறது என்று அரத்தை எடுத்துவிடாதீர்கள். மீட்டரை இன்னொரு நாள் மாற்றலாம், அறுத்த பேனலை மீட்க முடியாது.

ஒலி அளவுகாட்டும் வியூ மீட்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தரமான வியூ மீட்டர்களுக்குள் மாறுமின்னோட்டத்தைத் திருத்தும் டையோடு அமைப்பு இருக்கும். மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. முன்சொன்ன செல், ரெசிஸ்டர் சோதனையில் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரு திசையிலும் முள் வலப்பக்கமே போனால் உள்ளே டையோடுகள் உண்டு. சிறு மின்னழுத்தத்துக்கு அது அசையாது, உங்களுக்கு உதவாது.

தோற்றத்தைக் காப்பாற்ற நான் விரும்பும் வழி வேறு. புதிய மீட்டரின் முகப்பை எடுத்துவிட்டு, பழைய அளவுத் தகட்டை அல்லது அதன் அச்சுப் படியை அதில் பொருத்துங்கள். முள்ளின் நீளமும் சுழலும் கோணமும் ஒத்திருந்தால் போதும். கழற்றிய பழைய மீட்டரின் உள்ளமைப்பைத் தூக்கி எறிய வேண்டாம். அதை மீட்கத் தெரிந்தவர் பின்னாளில் கிடைக்கலாம்.

கேள்வி: மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தபின் முள் நடுவில் சிக்கிக்கொண்டது. தட்டினால் வேறு இடத்தில் நிற்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். உலர்ந்த துணியால் தேய்த்ததில் நிலைமின்னேற்றம் சேர்ந்து முள்ளை ஈர்த்துப் பிடித்திருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் ஒரு சொட்டு கலந்து, அதில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, வெளிப்புறத்தை ஒற்றியெடுங்கள். தானாக உலரட்டும். முள் விடுபட்டுவிடும்.

அப்படியும் ஒரே இடத்தில் தடுக்கினால், காந்த இடைவெளியில் இரும்புத் துகள் நுழைந்திருக்கலாம், அல்லது அளவுத் தகட்டின் வண்ணம் உப்பி முள்ளைத் தொடலாம். சுத்தமான வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் திறந்து, துகளை ஒட்டுநாடாவின் விளிம்பால் எடுக்கலாம். தாங்குமுனைகளுக்கு எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அவை உலர்வாகவே இயங்குபவை. எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்து இயக்கத்தைக் கெடுத்துவிடும். காந்தத்தின் நடுவிலுள்ள இரும்பு உருளையையும் வெளியே எடுக்காதீர்கள். பழைய அல்னிகோ காந்தங்கள் அப்போது வலுவிழந்துபோகும்.

கேள்வி: ராணுவத்திலிருந்து வெளியே வந்த ரிசீவர் வாங்கினேன். மீட்டர் இருந்த இடம் காலி. இருட்டில் ஒளிரும் எழுத்துகள் கொண்ட பழைய மீட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. அதைப் போடலாமா?

பதில்: கூடாது. ஒளிரும் வண்ணத்தில் ரேடியம் கலந்திருக்கக்கூடும். ஆர்-390ஏ போன்ற அமெரிக்க ராணுவ ரிசீவர்கள் பல, மீட்டர்கள் நீக்கப்பட்ட நிலையில் உபரியாக வெளியே வந்ததற்கு இந்த ரேடியமே காரணம். உங்கள் பேனலில் இருக்கும் காலியிடத்தின் கதையும் அதுவாக இருக்கலாம். “இப்போது ஒளிர்வதே இல்லை, அதனால் பயமில்லை” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஓய்ந்துபோவது ஒளிரும் துத்தநாக சல்பைடு. ரேடியம்-226இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அது இன்னும் முழு வீரியத்தோடு உள்ளே இருக்கிறது. மூடிய மீட்டரைவிடத் திறந்த மீட்டர் ஆபத்து, ஏனெனில் உதிரும் தூளைச் சுவாசிக்க நேரும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் திறக்காமல், சுரண்டாமல், மூடியிட்ட பையில் வைத்து, கதிரியக்கக் கழிவைக் கையாளும் அரசு அமைப்பிடம் வழி கேளுங்கள். ஆர்-390ஏவில் சிக்னல் வலிமையைக் காட்டும் கேரியர் மீட்டர் 1 மில்லி ஆம்பியர், 17 ஓம் அளவுடையது. அந்த அளவை ஒட்டிய, ஒளிவண்ணம் இல்லாத மீட்டரைத் தேடுங்கள்.

கேள்வி: “சோதிக்கவில்லை” என்று குறிப்பிட்ட மீட்டரைத் தபாலில் வாங்கி ஏமாந்தேன். சுருள் அறுந்திருந்தது. அடுத்த முறை என்ன கேட்க வேண்டும்?

பதில்: “சோதிக்கவில்லை” என்ற சொல்லைப் “பழுது” என்றே படியுங்கள், அந்த விலையை மட்டுமே கொடுங்கள். ஒரு செல்லும் ஒரு ரெசிஸ்டரும் போதும் என்கிற சோதனையைச் செய்யாமல் விற்பவர், முடிவு தெரிந்தே அப்படி எழுதியிருக்கலாம்.

விற்பவரிடம் கருவி எதுவும் இல்லையென்றாலும் ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். மீட்டரைக் கையில் பிடித்து இடம் வலமாக மெல்லத் திருப்பினால் முள் தாராளமாக ஆட வேண்டும். அதன் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி திருப்பினால் ஆட்டம் கண்ணெதிரே மந்தமாக வேண்டும். சுருள் தொடர்ச்சியாக இருந்தால், அசையும்போது அதில் உண்டாகும் மின்னோட்டமே அசைவைத் தடுக்கும். இரண்டு முறையும் ஒரே மாதிரி ஆடினால் பெரும்பாலும் சுருளோ ஸ்பிரிங்கோ அறுந்திருக்கிறது. இதை ஒரு காணொளியாக எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்க மாட்டார். அனுப்பும்போதும் அந்தக் கம்பித் துண்டை முனைகளில் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். வழியில் முள் அடிபடாமல் காக்கும். முழு அளவு மின்னோட்டம், வந்தபின் சோதித்துத் திருப்பித் தரும் கால அவகாசம் இரண்டையும் பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வந்த மீட்டரையும் தள்ளிவைத்துவிட வேண்டாம். சுருள்கம்பி ஸ்பிரிங்கோடு சேரும் பற்றுமுனையில் அறுந்திருந்தால், அளவுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் உருப்பெருக்கியின் கீழ் மீண்டும் பற்றவைத்துத் தருவார். சுருளுக்கு உள்ளே அறுந்திருந்தால் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் வால்வு ரேடியோவில் மீட்டருக்குப் பதில் பச்சைக் கண் இருக்கிறது. மங்கிவிட்டது. புதிதாக என்ன வாங்குவது?

பதில்: பச்சைக் கண் என்பது சிக்னலின் வலிமையை ஒளியால் காட்டும் ஒரு வால்வு. மங்கல் என்றால் ஒளிரும் பூச்சு தேய்ந்துவிட்டது; அதை மீட்க முடியாது, வால்வைத்தான் மாற்ற வேண்டும். பிரகாசமாக இருந்தும் சிக்னலுக்கு ஏற்பக் கண் விரிந்து சுருங்கவில்லை என்றால் வால்வை வாங்காமல், அதன் சாக்கெட்டில் பற்றவைத்திருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். அது மதிப்பு ஏறிப்போவது வழக்கம். 6ஈ5, 6யு5 இரண்டும் ஒரே ஆறு முனைச் சாக்கெட்டில் உட்காரும் என்பதால் கடைக்காரர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைத் தருவார்கள். 6ஈ5 ஏறத்தாழ எதிர் 8 வோல்ட்டில் மூடும். 6யு5க்கு 22 வோல்ட் அளவுக்கு வேண்டும். உங்கள் சேசிஸில் எழுதியிருப்பதையே கேட்டு வாங்குங்கள். பயன்படுத்திய கண்ணை வாங்குவதானால், பகல் வெளிச்சமுள்ள அறையில் எரியும்போது எடுத்த படம் வேண்டும். இருட்டில் எடுத்த படத்தில் தேய்ந்த கண்ணும் பளிச்சென்றுதான் தெரியும்.

கேள்வி: மீட்டரை மாற்றிக் கொடுத்தார்கள். நண்பரின் ரிசீவர் எஸ்-9 காட்டும் நிலையத்துக்கு என்னுடையது எஸ்-7 தான் காட்டுகிறது. பழுது பார்த்தவரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அதை மட்டும் காரணமாக வைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. எஸ் எண்கள் சிக்னல் வலிமையின் படிகள். 30 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே எஸ்-9 என்பது 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட், ஒவ்வொரு படியும் 6 டெசிபெல் என்று பன்னாட்டு அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் முதல் மண்டலம் 1981இல் பரிந்துரைத்தது. உங்கள் ரிசீவர் அதற்கு முந்தையதாக இருக்கலாம். பழைய ரிசீவர்கள் பலவற்றில் கீழ்ப்படிகள் 6 டெசிபெல்லை எட்டுவதே இல்லை, அலைவரிசைக்கு அலைவரிசை அளவும் மாறும். ஆன்டெனாக்கள் வேறாக இருந்தால் ஒப்பிடவே வழியில்லை.

ஆன்டெனாவைக் கழற்றி, ஆர்எஃப் கெயினை (வானொலி அலையின் பெருக்கக் கட்டுப்பாட்டை) முழுவதும் ஏற்றி, ஏஜிசியைப் போட்டபின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, வலுவான நிலையத்துக்குச் சீராக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் வேலை சரி. பூஜ்யம் தவறினால் பிரிசெட்டைத் திருத்தித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கழற்றிய பழைய மீட்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுடையது.