கிட்னியில் தழும்பு: எதிர்ப்பு செல்களை அடக்கினால் நின்றுவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) 2.0. பயாப்சி ரிப்போர்ட்டில் 30 சதவீதம் தழும்பு, அந்த இடங்களில் லிம்போசைட் செல்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். இந்த எதிர்ப்பு செல்கள்தானே கிட்னியைக் கெடுக்கின்றன, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கக் கூடாதா? உறவினர் ஒருவரோ எதிர்ப்பு சக்தி கூடினால் சரியாகும் என்று லேகியம் வாங்கித் தந்திருக்கிறார்.

பதில்: லேகியத்தை இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு, உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் தேவைப்படாது. ஏன் "பெரும்பாலும்" என்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எதிர்ப்பு செல்கள் சும்மா வந்து உட்காரவில்லை. கிட்னியின் நுண்குழாய்ச் சுவர் அடிபட்டதும் அங்கிருந்து ரசாயன சமிக்ஞை போகும், ரத்தத்தில் இருக்கும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களாக மாறும். முதல் வேலை, செத்த செல்களை விழுங்கிச் சுத்தம் செய்வது. அப்புறம் அதே செல்களில் பல, குணம் மாறிப் பழுதுபார்க்க இறங்கும். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்ய வைக்கும். கையில் வெட்டுக்காயம் ஆறித் தழும்பாவதும் இப்படித்தான். ஆனால் கையில் காயம் ஒருமுறைதான் பட்டது. உங்கள் அப்பாவின் கிட்னியில் சர்க்கரை, பிரஷர், சிறுநீரில் ஒழுகும் புரதம் என்று தினமும் அடி விழுகிறது, அதனால் பழுதுபார்ப்பு முடிவதே இல்லை. கொலாஜன் குவிந்து குழாய்க்கும் நுண் ரத்தநாளத்துக்கும் நடுவே இடைவெளி கூட, ஆக்சிஜன் போதாமல் இன்னும் சில செல்கள் சாக, அவற்றைச் சுத்தம் செய்ய அடுத்த கூட்டம் வரும்.

சரி, அந்த டிஜிஎஃப்-பீட்டாவை மட்டும் தடுத்தால்? சர்க்கரை நோயால் கிட்னி கெட்டவர்களிடம் அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் ஆன்டிபாடி மருந்தைக் கொடுத்தே பார்த்தார்கள். கிரியாட்டினின் ஏறுவது குறையவில்லை, ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் (முடிவு 2017-இல் வெளிவந்தது). ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும், அது தனிக் கஷ்டம்.

இப்போது அந்த "பெரும்பாலும்". ரிப்போர்ட்டில் செல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தழும்பு விழுந்த இடத்தில் லிம்போசைட் இருப்பது எந்தக் கிட்னி நோயிலும் சகஜம். தழும்பில்லாத நல்ல இடத்திலும் கூட்டமாக இருந்தால், அதிலும் ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளணு) என்ற சொல் கண்ணில் பட்டால், விஷயம் வேறு: மாத்திரை ஒவ்வாமையாக இருக்கலாம். வலி மாத்திரைகளும், நாம் மிட்டாய் மாதிரி விழுங்கும் பான்டோப்ரசோல் வகை அசிடிட்டி மாத்திரைகளும் இதைச் செய்யும். அப்படியிருந்தால் மாத்திரையை நிறுத்துவதும் சிலருக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் நல்ல பலன் தரும், தாமதித்தால் அதுவும் தழும்பாகிவிடும். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களிலும் செல்களை அடக்கத்தான் வேண்டும்.

லேகியத்தைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி வேகமாகத் தழும்பேறி டயாலிசிஸ் வரை போனது. காரணம் அதில் கலந்திருந்த ஒரு செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்தச் செடிக் குடும்பம்தான். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் கொடுக்காதீர்கள்.

பலன் நிரூபிக்கப்பட்டவை அடியைக் குறைக்கும் மருந்துகள். பிரஷர் 130/80-க்குக் கீழே, டெல்மிசார்டான் வகை பிரஷர் மாத்திரை, சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் (2020-இல் வந்த பெரிய ஆய்வில் சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது), தேவைப்பட்டால் ஃபினரினோன். இந்தக் கடைசி மருந்து அழற்சியையும் தழும்பையும் தூண்டும் ஏற்பியையே அடைக்கிறது, ஆனால் பொட்டாசியம் ஏறலாம், அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடரக் கூடாது. வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை நெஃப்ராலஜிஸ்ட்டிடம் போகும்போது அப்பா விழுங்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மெடிக்கலில் சும்மா வாங்கியவை உட்பட. யூரின் ஏசிஆர் (சிறுநீரில் ஒழுகும் புரதத்தின் அளவு) எவ்வளவு, மூன்று மாதத்தில் அது இறங்குகிறதா என்று கேளுங்கள். இருக்கும் 30 சதவீதத்தை அழிக்க இன்று மருந்து இல்லை. மீதி 70-ஐக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.