கோபுரத்தைத் தவறாக அடுக்கினால் திருத்தலாமா?

திருத்த வேண்டாம். உங்கள் மூன்று வயது மகன் மான்டிசோரி வகுப்புகளின் இளஞ்சிவப்புக் கோபுரத்தில் (பெரியதன்மேல் சிறியதாக அடுக்க வேண்டிய பத்துக் கனசதுரக் கட்டைகள்) பெரிய கட்டையைச் சிறியதன்மேல் வைக்கும்போது கையையும் வாயையும் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் சரிசெய்ததும் அவன் எல்லாவற்றையும் தட்டிவிட்டு எழுந்துபோவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தத் திருத்தம்தான் காரணம். சரிந்தால் கோபுரமே அவனுக்குப் பாடம் சொல்லிவிடும். நாம் முந்திக்கொண்டால் அந்த வேலை அவனுடையதாக இருப்பதில்லை.

பத்துக் கட்டைகளும் ஒரேயடியாக அதிகமாகவும் இருக்கலாம். பக்க அளவு 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை ஒவ்வொரு சென்டிமீட்டராகத்தான் கூடுகிறது. அந்த வேறுபாடு இன்னும் அவன் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கும். ஒரு வாரம் 10, 8, 6, 4, 2 செ.மீ. கட்டைகளை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு முறை நீங்கள் பேசாமல், மெதுவாக அடுக்கிக் காட்டுங்கள். பிறகு விலகிவிடுங்கள். இதை அவன் தானாக அடுக்கினால் மற்ற ஐந்தையும் சேருங்கள்.

பின்னாளில் எல்லாக் கட்டைகளின் ஒரு மூலையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி அடுக்கி, மிகச் சிறிய கட்டையை ஒவ்வொரு படியிலும் வைத்துக் காட்டுங்கள். கச்சிதமாக உட்காரும். அதைக் கண்ட குழந்தையின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்!

ஆனால் கட்டையை யார்மீதாவது எறிந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். அமைதியாக எடுத்து வைத்துவிடுங்கள். பொருள்களை இன்னும் வாயில் போடும் குழந்தை என்றால் 1 செ.மீ. கட்டையைக் கையில் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.