கிரெடிட், இன்டர்னல், அரியர்: முதலாம் ஆண்டுக் கேள்விகள்

மகளுக்கு பி.காம். விண்ணப்பித்திருக்கிறோம். ஒரே கல்லூரியில் ‘ஷிஃப்ட் 1 எய்டட்’, ‘ஷிஃப்ட் 2 எஸ்.எஃப்.’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் சேர்ந்தால் பட்டத்துக்கு மதிப்பு குறைவா?
– வாசகி, திண்டுக்கல்

குறைவில்லை. பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம்தான். எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. எஸ்.எஃப். என்பது சுயநிதிப் பிரிவு. அங்கே சம்பளம் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் வருகிறது. அரசுக் கல்லூரியிலும் ஷிஃப்ட் 2 உண்டு. அதைச் சுயநிதி என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். பணம் கட்டும் முன் ஷிஃப்ட் 2 வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு பஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் மகளிடம் சொல்லுங்கள். கலை, அறிவியல் படிப்பில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் அதன் துணைப்பாடமும். “மெயின் பாடம்தானே முக்கியம்” என்று தமிழையும் ஆங்கிலத்தையும் தள்ளிப்போடுகிற பிள்ளைகள் நிறைய. அதில் ஒரு தாள் தேறாமல் நின்றாலும் பட்டம் கைக்கு வராது.

கிரெடிட், ஜி.பி.ஏ., சி.ஜி.பி.ஏ. என்கிறார்கள். பிளஸ் 2 மாதிரி மொத்த மதிப்பெண் கிடையாதா?
– மாணவர், தேனி

கிரெடிட் என்பது பாடத்தின் எடை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வாரத்துக்கு 1 மணி வகுப்பு 1 கிரெடிட். ஆய்வகம் என்றால் 2 மணிக்கு 1 கிரெடிட். வாங்கும் மதிப்பெண் கிரேடாக மாறும். ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு புள்ளி. அங்கே ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 4 கிரெடிட் கணிதத்தில் ஏ பிளஸ்: 4 × 9 = 36. 3 கிரெடிட் இயற்பியலில் ஏ: 24. 3 கிரெடிட் ஆங்கிலத்தில் பி பிளஸ்: 21. 2 கிரெடிட் ஆய்வகத்தில் ஓ: 20. கூட்டினால் 101. மொத்தம் 12 கிரெடிட்டால் வகுத்தால் 8.42. இதுதான் அந்த செமஸ்டரின் ஜி.பி.ஏ. எல்லா செமஸ்டரையும் சேர்த்து இதே கணக்கைப் போட்டால் சி.ஜி.பி.ஏ. நேரம் குறைவாக இருக்கும்போது 4 கிரெடிட் பாடத்தை முதலில் எடுங்கள். அங்கே ஒரு கிரேடு ஏறினால் 4 புள்ளி கூடும். 2 கிரெடிட் பாடத்தில் இரண்டே இரண்டுதான்.

இன்டர்னலில் முழுசாக வாங்கிவிட்டால் செமஸ்டரில் கொஞ்சம் எழுதினாலே பாஸ் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவி, தூத்துக்குடி

பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலருக்கு அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள், விழுகிறது. இன்டர்னல் என்பது பருவத்தின் நடுவே கல்லூரியே போடும் மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுவீர்கள். அது 60-க்குச் சுருக்கப்படும். தேற இரண்டு நிபந்தனைகள்: இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும்.

இன்டர்னல் 38 வைத்திருக்கும் ஒருவர் தேர்வில் 40 எடுக்கிறார் என்று வையுங்கள். 40 என்பது 60-க்கு 24. மொத்தம் 62. ஆனாலும் தேறவில்லை, 45-ஐத் தொடவில்லையே! இப்போது மறுபக்கம்: இன்டர்னல் வெறும் 10 என்றால் தேர்வில் 67 எடுத்தால்தான் 50 வரும். அந்தத் தாள் அரியர் ஆனால், மறுபடி எழுதும்போதும் அதே 10 கூடவே வரும். அதனால் முதல் மாதத்துத் தேர்வு, அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். ஆய்வக வேலை முடிந்ததும் அங்கேயே குறிப்பெடுக்கும் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து, அடுத்த வகுப்புக்குள் ரெக்கார்டில் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் 10 சோதனையை மொத்தமாக எழுதிக்கொண்டு போய் நின்றால் கையெழுத்து கிடைப்பது பெரும்பாடு.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற காரணத்துடன் கேட்டுப் பார்க்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. 90 வேலைநாள் என்றால் 22 நாள்தான் கைவசம். காய்ச்சலும் ஊர்த்திருவிழாவும் அதற்குள் அடங்க வேண்டும். விளையாட்டு, போட்டி என்று போவதாக இருந்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். போய்வந்த பிறகு கேட்டால் பல துறைகளில் தரமாட்டார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கேட்கும். ‘ஸ்டாண்டிங் அரியர்’ என்றால் இன்னும் தேறாமல் நிற்பது. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்றால் ஒருமுறை விழுந்து பிறகு எழுதித் தேறியது. முன்னதைத் தேறி நீக்கிவிடலாம், பின்னது போகாது.

பொனஃபைடு என்பது டி.சி.யா?
– வாசகர், அரியலூர்

வேறு வேறு. டி.சி. பள்ளியிலிருந்து விடுபட்டதற்கான சான்று. சேரும்போது அசலைக் கொடுத்துவிடுவீர்கள். கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, 5 நகலாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொனஃபைடு என்பது ‘இவர் எங்கள் மாணவர்’ என்று கல்லூரி தரும் கடிதம். பஸ் பாஸ், கல்விக்கடன், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். துறைத்தலைவர் கையெழுத்துடன் விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எதற்காக என்று அதிலேயே எழுதுங்கள். வங்கிக்கு என்றால் கட்டண விவரமும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வங்கி திருப்பி அனுப்பும்.