நீல மாளிகையும் உங்கள் கடைவீடும்

கேள்வி: லீத் ஸ்திரீட் நீல மாளிகையைப் பார்த்தேன். விக்டோரியா மகாராணி காலத்து வீடு என்கிறார்கள், கூரையோ சீனக் கோயில் போல இருக்கிறது. யார் கட்டியது? அந்த நீலம் எப்படி வந்தது? பினாங்கு ஸ்திரீட்டில் எங்கள் பழைய கடைவீட்டுச் சுவரில் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரிகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு, மலேசியா

பதில்: அம்மா, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கட்டியவர் சியோங் ஃபாட் ஸீ. தென்சீனாவின் குவாங்டோங்கிலிருந்து ஏழையாக ஜாவாவுக்கு வந்து பெரும் வணிகரானவர். 1893இல் பினாங்கில் சீன அரசின் துணைத் தூதரும் ஆனார். ஹக்கா என்ற சீனச் சமூகத்துச் செல்வந்தர்கள் வரிசையாக வீடு கட்டிய தெரு அது. ஐந்து முற்றங்களும் கூரையில் பீங்கான் சில்லு ஒட்டிய பூக்களும் சீன முறை. வார்ப்பிரும்பு வேலைப்பாடு ஸ்காட்லாந்திலிருந்தும் தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தன. அவர் 1916இல் காலமானார். கடைசி மகன் இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதியிருந்தார். அந்த மகன் 1989இல் இறக்கும்போது வீடு குடித்தனங்கள் நிறைந்து சிதைந்து கிடந்தது. பிறகு வாங்கியவர்கள் பழைய முறையிலேயே சீரமைத்து, 2000இல் யுனெஸ்கோ விருது பெற்றார்கள்.

எனக்கு அந்த வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிது சுவர்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கரைத்து விடுவோமே, அதே முறைதான். இங்கே அவுரிச் செடியின் நீலம் தூக்கலாக.

உங்கள் சுவரும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அந்தக் காலத்து வீடுகளில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரை ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அதோடு வந்த உப்பு உள்ளே கட்டியாகிப் பூச்சைத் தள்ளுகிறது. இன்னொரு கோட் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு அம்மா.

முதலில் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, அஞ்சடி (கடைவீட்டு முன்புற நடைபாதை) ஓரக் கால்வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி இடத்தில் கோளாறு அங்கேதான். அப்புறம் பெயிண்டையும் சிமெண்ட் பூச்சையும் சுரண்டி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் காய விடுங்கள். இதில் அவசரம் வேண்டாம். எங்கள் அப்பா கொத்தனார். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊற வைத்த பிறகுதான் கரண்டியையே தொடுவார். சுண்ணாம்புக் காரை பூசி, மேலே சுண்ணாம்பை மெல்லிசாகப் பல தடவை அடியுங்கள். 2008 முதல் உங்கள் தெரு உலகப் பாரம்பரிய எல்லைக்குள் இருக்கிறது. அதனால் வேலை தொடங்குமுன் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.