முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் நாஃப்பிலியோவை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

ஏதென்சிலிருந்து கிரேக்கத்தின் கடலோர ஊரான நாஃப்பிலியோவுக்கு ஒரே நாளில் போய்வந்தால் போதுமா, முழங்கால் வலியுள்ள தாயாரால் அங்குள்ள மலைக்கோட்டையைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் தவறான விடையை நம்பி என் அம்மாவை ஒருமுறை அந்த ஊர்க் கரையில் உட்கார வைத்துவிட்டு வந்தவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கும் சமதளத்தில் நடப்பதில் சிரமம் இல்லை, படி ஏறுவதுதான் இயலாது என்று எண்ணிக்கொள்கிறேன்.

நாங்கள் முதலில் போனது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில். பழங்காலச் சிதைவிடங்களான மைசீனியையும் எபிடாரசையும் ஒரே நாளில் காட்டிவிடும் அந்தப் பயணத்தில் நாஃப்பிலியோவுக்கு ஒதுக்கப்பட்டது ஒன்றரை மணி நேரம். அதில் மதிய உணவும் அடக்கம். அங்குள்ள மலைக்கோட்டையான பலமிதி கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலே போக வழி என்ன என்று நான் கேட்டபோது, 999 படிகள் இருக்கின்றன, வேறு வழியில்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். "நீ போயிட்டு வாப்பா, நான் இங்க கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அம்மா. நான் பாதி ஏறி, நேரமாகிவிட்டதே என்று இறங்கி ஓடி வந்தேன். கடலுக்கு நடுவே நின்ற சிறு கோட்டையைக் காட்டி, "அதுல யாருப்பா இருந்தாங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.

மலையின் மறுபுறத்தில் கோட்டை வாயில் வரை கார் போகும் தார்ச்சாலை இருக்கிறது என்பது ஏதென்சுக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வாடகைக் காரில் சில நிமிடங்களில் போய்விடலாம். அந்த வழிகாட்டிக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. கால அட்டவணை தவறிவிடக்கூடாது என்பதற்காக ஒரு மூதாட்டிக்கு இருந்த வழியை இல்லையென்று சொன்னதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எல்லாக் குழுப் பயணங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் பயனடைந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அடுத்த ஆண்டு நாங்கள் இருவர் மட்டும் பொதுப் பேருந்தில் போய் மூன்று இரவுகள் தங்கினோம். மூன்று இரவு என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் செலவு முதல் பயணத்தைவிட அதிகம்தான், ஆனால் அதற்காக வேறு இரண்டு ஊர்களை விட்டுவிட்டோம்.

கடல்நடுக் கோட்டையின் பெயர் பூர்ட்சி. இத்தாலியின் வெனிஸ் நகரத்தாரான வெனிசியர்கள் 1473-இல் கட்டியது. பிற்காலத்தில், பலமிதி கோட்டையில் இருந்த சிறையில் மரண தண்டனையை நிறைவேற்றியவர்களை ஊருக்குள் வைத்துக்கொள்ள மக்கள் விரும்பாததால், அவர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். அம்மாவின் கேள்விக்கு ஓராண்டு கழித்து இந்த விடையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தக் கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாஃப்பிலியோவில் வரலாறு பத்து நிமிட நடைக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அவசரத்தில் போனால் அவை வெறும் கற்களாகவே தெரியும். ஏதென்சுக்குத் தலைநகரம் மாறிய 1834 வரை, துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற புதிய கிரேக்கத்தின் தலைநகரம் இதுவே. அந்நாட்டின் முதல் ஆட்சித் தலைவரான ஆளுநர் கப்போதிஸ்த்ரியாஸ் 1831 அக்டோபர் 9 அன்று காலை புனித ஸ்பிரிடோன் தேவாலயத்துக்கு வழிபடச் சென்றபோது, அவர் சிறையிட்டிருந்த ஒரு தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் வாசலிலேயே அவரைக் கொன்றார்கள். குண்டு பட்ட இடமென்று சுவரில் ஒரு தழும்பைக் கண்ணாடியிட்டுக் காத்துவருகிறார்கள். அம்மாவின் கண்மட்டத்தில்கூட இல்லாத மிகச் சிறிய தழும்பு அது. நின்று தேடினால்தான் தெரியும். சிந்தக்மா சதுக்கத்தில் 1713-ஆம் ஆண்டு வெனிசியக் கிடங்கில் இயங்கும் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள தெந்திரா என்ற சிற்றூரில் கிடைத்த, 3,400 ஆண்டுகளுக்கும் முந்தைய வெண்கலக் கவசம் ஏறக்குறைய முழுமையாக அங்கே நிற்கிறது.

பலமிதிக்குக் காலையில் திறந்தவுடன் காரில் போனோம். வெனிசியர்கள் 1711-இலிருந்து 1714-க்குள் கட்டிமுடித்து, மறு ஆண்டே துருக்கியரிடம் இழந்த கோட்டை அது. விடுதலைப் போரின் தளபதி கொலொகொத்ரோனிஸைப் பின்னாளில் தேசத்துரோகி என்று இதே கோட்டையில் அடைத்தார்கள். அவருடையது என்று காட்டப்படும் அறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும் என்பதால் அம்மா வெளியிலேயே நின்றுகொண்டார். பிறகு மதிலோரம் என் கையைப் பிடித்தபடி வந்து, முந்தின ஆண்டு தாம் உட்கார்ந்திருந்த இடம் எது என்று கீழே தேடிக் கண்டுபிடித்தார்.

கோட்டைக்குள்ளும் கரடுமுரடான கற்படிகள் உண்டு. எட்டுக் கொத்தளங்களையும் உங்கள் அம்மாவால் சுற்ற முடியாது, வாயிலுக்கு அருகில் உள்ளவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே நிழல் மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் போவதானால் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் ஏறாதீர்கள். இறங்கவும் கார் வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே நேரம் பேசிக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது சதுக்கத்தை ஒட்டிய கீழ்த் தெருக்களில் பாருங்கள். பழைய ஊருக்கு மேலே உள்ள அக்ரோநாஃப்பிலியா குன்றின் சரிவில் உள்ள மேல் சந்துகள் அழகானவைதான், ஆனால் அவற்றில் பல படிகளாகவே இருக்கின்றன.