ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி போர்டுக்கு இணையத்தில் கிடைத்த ஃபுட்பிரிண்ட்டை (பின்னும் துளையும் எங்கே வரும் என்று காட்டும் வரைபடம்) நம்பி பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஆர்டர் கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க. யாரோ போட்ட ஃபுட்பிரிண்ட்டை, பிசிபி வரையும் மென்பொருளான கிகேடில் இறக்கி, நாலு திருகுத் துளையும் சரியாக இருக்கிறதே, பிறகென்ன என்று யோசிக்கிறீர்கள் போல. அந்த நாலு துளையால்தான் வம்பே.

பை 3, 4, 5 மாடல்கள் மூன்றிலும் துளைகளின் இடைவெளி 58க்கு 49 மி.மீ. தான். நாற்பது பின் கொண்ட ஹெடரும் (இணைப்புப் பின் வரிசை) அதே இடம். ஆனால் 2019இல் பை 4 வந்தபோது ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் இடம் மாறின. 2023இல் பை 5இல் பழைய பக்கத்துக்கே திரும்பிவிட்டன. கூடவே, நெட்வொர்க் கேபிள் வழியாக மின்சாரம் எடுக்கும் பிஓஇ நாலு பின்னும் வேறிடத்துக்குப் போய்விட்டது.

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியன் நான். பை 4க்கு மேல் உட்காரும் எங்கள் போர்டை பை 5க்கு மாற்றச் சொன்னார்கள். இஞ்சினியர் தம்பி பழைய ஃபுட்பிரிண்ட்டுக்குப் பெயரை மட்டும் மாற்றினார். நான் லேஅவுட்டைத் தாளில் எடுத்து, ஓரத்தை வெட்டி, பை 5 மேல் வைத்து அழுத்தினேன். நாற்பது பின்னும் அதனதன் வட்டத்தைக் குத்திக்கொண்டு வந்தன. பிஓஇ நாலு மட்டும் வெறும் தாளில் எட்டிப் பார்த்தன.

"அண்ணே, டிஆர்சி க்ளீனா இருக்கு, நீங்க பேப்பரை வச்சுப் பாக்கறீங்களே" என்று சிரித்தார். டிஆர்சி என்பது மென்பொருளே செய்யும் விதிச் சோதனை, அது பார்ப்பது நாம் கொடுத்த விதியைத்தான். மேசையில் இருக்கும் போர்டு அதற்கு எப்படித் தெரியும்? ஆர்டர் போனது, போர்டு வந்தது, சாக்கெட் உட்காரவில்லை. மீட்டிங்கில் "வெண்டர் பிரச்சினை" என்று எழுதிக்கொண்டார்கள்.

இஞ்சினியர்களைக் குறை சொல்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள், என் மகளும் அதைத்தான் படிக்கிறாள். ஆனால் கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "இன்னும் டெக்னீஷியனாவே இருக்கீங்களா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டு ரைஸ் குக்கர் கெட்டால் மட்டும் என் நம்பர் ஞாபகம் வந்துவிடும். சரி, அதை விடுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை அணைத்து 100 சதவீதத்தில் எடுங்கள். ஃபோட்டோகாப்பி கடையில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். லேஅவுட்டில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு ஸ்டீல் ரூலரால் அளந்தால் பிரிண்டரின் குட்டு வெளிப்பட்டுவிடும். பின் இடைவெளி 2.54க்குப் பதில் 2.5 என்று யாராவது போட்டிருந்தால் முதல் பின்னில் தெரியாது. வரிசையின் இருபதாவது பின்னுக்குப் போகும்போது 0.76 மி.மீ. தள்ளி நிற்கும். கேலிப்பரால் துளைகளை அளந்தால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்புக்கு அளந்து பாருங்கள், மையத்தைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட வேண்டியது தயாரிப்பாளரின் மெக்கானிக்கல் டிராயிங்கோடு, அதுவும் உங்கள் மாடலுக்கானதோடு.

தாள் பிடிக்காத தப்பு ஒன்று உண்டு. உங்கள் சாக்கெட் போர்டின் அடிப்பக்கம் வருகிறது. ஃபுட்பிரிண்ட் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருந்தாலும் நாற்பது துளையும் அழகாகப் பொருந்தும். ஒற்றை எண் வரிசையும் இரட்டை எண் வரிசையும் மாறி, பின் 1இன் 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பின் 2இன் 5 வோல்ட் வந்துவிடும். பையின் பின்பக்கம் சதுரமாக இருக்கும் சாலிடர் புள்ளிதான் பின் 1. போர்டு வந்ததும் மின்சாரம் கொடுக்காமல் பையில் மாட்டி, அந்தச் சதுரத்திலிருந்து உங்கள் 3.3 வோல்ட் தடத்துக்கு மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்த பிறகு பவர் கொடுங்கள்.