பேஸ்மென்டில் ரேடான்: ஒரு வார அளவை வைத்து முடிவெடுக்கலாமா?

கேள்வி: ஒட்டாவாவில் 2005இல் கட்டப்பட்ட தனி வீடு எங்களுடையது. பேஸ்மென்டில் மாமாவும் மாமியும் இருக்கிறார்கள். மாமா நீண்ட காலம் புகைபிடித்தவர். வீட்டுக்குள் சேரும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கும் டிஜிட்டல் கருவி ஒன்றை நவம்பரில் வாங்கி அங்கே வைத்தோம். ஒருநாள் 420 என்கிறது, மறுநாள் 180 என்கிறது. பக்கத்து வீட்டாரின் கருவியோ 60தான் காட்டுகிறதாம். எங்கள் கருவி பழுதா? பெரியவர்களை உடனே மேல்மாடிக்கு மாற்ற வேண்டுமா? பேஸ்மென்ட் வேலை செய்யும் ஒருவர், விரிசல்களை அடைத்துத் தரைக்கு எபாக்ஸி பூசினால் போதும் என்கிறார். இன்னொரு நிறுவனம் குழாயும் விசிறியும் பொருத்த மூவாயிரம் டாலர் கேட்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் பயன் உண்டா? பிற்பாடு வீட்டை விற்கும்போது இது தலைவலியாகுமா?

பதில்: உங்கள் கருவி பழுதாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. 420, 180 ஆகிய இரண்டுமே அந்தந்த நாளுக்குச் சரியான அளவுகளாக இருக்கலாம். ரேடானின் அளவு ஒரே வீட்டில், ஒரே அறையில், காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே இரண்டு மூன்று மடங்கு மாறக்கூடியது. ஏன் அப்படி மாறுகிறது என்பது தெரிந்துவிட்டால், உங்களுடைய மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மண்ணிலும் பாறையிலும் சிறிதளவாவது யுரேனியம் இருக்கும். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. நிறமோ மணமோ இல்லாத, எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு அது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 3.8 நாட்கள்; மண் துகள்களுக்கு இடையே ஊர்ந்து உங்கள் வீட்டின் அடித்தளம் வரை வந்து சேர அந்த அவகாசம் தாராளமாகப் போதும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலெழுந்து, மேல்மாடியின் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. வெளியேறிய காற்றை ஈடுகட்ட வீடு கீழிருந்து காற்றை உறிஞ்சுகிறது. பேஸ்மென்டின் காற்றழுத்தம் அடியிலுள்ள மண்ணின் காற்றழுத்தத்தைவிடச் சில பாஸ்கல்கள் மட்டுமே குறைவாக இருக்கும். ஆனால் தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி வழியாகவும், அடித்தளத்து நீர் வந்து சேரும் சம்ப் குழி வழியாகவும் மண்காற்றை உள்ளே இழுக்க அதுவே போதும். வெளியே நிலம் உறைந்து மூடிக்கிடந்தால், மண்ணிலுள்ள வாயுவுக்கு உங்கள் பேஸ்மென்டே எளிதான வழியாகிவிடுகிறது. இதற்குமேல் காற்று வீசும் திசை, வளிமண்டல அழுத்தம், துணி உலர்த்தும் இயந்திரமும் சமையலறைப் புகைப்போக்கியும் ஓடும் நேரம் ஆகிய எல்லாம் சேர்ந்து அளவை ஏற்றி இறக்கும்.

ஆகவே ஒரு வார எண்களை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. கனடிய சுகாதாரத் திணைக்களம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 பெக்கரல் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அது ஆண்டுச் சராசரியைக் குறிப்பது. 2007க்கு முன்பு கனடாவில் இந்த அளவு 800 ஆக இருந்தது. உலக சுகாதார அமைப்பு 100 பெக்கரலைப் பரிந்துரைக்கிறது. அதை எட்ட இயலாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அமெரிக்க இணையதளங்களைப் படிக்கும்போது 4 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். அது பிகோகியூரி என்னும் வேறு அலகு. நம் கணக்கில் 148 பெக்கரல். சிலர் கருவியை அந்த அலகில் வைத்துக்கொண்டு, ஐந்துதானே காட்டுகிறது என்று திருப்திப்படுகிறார்கள். அந்த ஐந்து என்பது 185 பெக்கரல்.

அளவீட்டைக் குறைந்தது மூன்று மாதம், அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் செய்ய வேண்டும். நீங்கள் நவம்பரில் தொடங்கியது மிகச் சரியான காலம். டிஜிட்டல் கருவியை அப்படியே ஓடவிட்டு, அன்றாட எண்ணைப் பாராமல் நீண்டகாலச் சராசரியை மட்டும் பாருங்கள். பணம் செலவழிக்கும் முடிவு அதையொட்டி இருப்பதால், அதன் பக்கத்திலேயே ஆல்ஃபா தடக் கருவி ஒன்றையும் வைக்கும்படி சொல்வேன். மின்சாரமோ பொத்தானோ இல்லாத சிறிய பிளாஸ்டிக் டப்பா அது. ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்கள் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வில்லையில் மோதி, கண்ணுக்குத் தெரியாத தடங்களைப் பதிக்கின்றன. மூன்று மாதம் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், வேதிக்கரைசலில் ஊறவைத்துத் தடங்களைப் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் எண்ணிச் சராசரியைச் சொல்வார்கள். ஆய்வகக் கட்டணம் விலையில் அடங்கியிருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கருவியைப் பெரியவர்கள் படுக்கும் அறையிலேயே வையுங்கள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது ஆள் புழங்கும் இடங்களில் எது மிகத் தாழ்வான தளமோ அங்கே அளக்க வேண்டும் என்பதுதான் விதி. மூச்சு விடும் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சன்னல், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று வரும் வாய், குளியலறை, சமையலறை ஆகியவற்றின் பக்கத்தில் வேண்டாம். சம்ப் குழியின் மேல் வைத்து ஆயிரக்கணக்கில் எண் வந்ததாகப் பதறிப்போய் எழுதுபவர்கள் உண்டு. குழிக்குள் யாரும் குடியிருப்பதில்லை.

பக்கத்து வீட்டு 60 உங்களுக்கு எதையும் சொல்லாது. இரண்டும் ஒரே ஆண்டில் ஒரே ஆள் கட்டிய வீடுகளாக இருந்தாலும், அடியில் நிரப்பிய சரளை, கான்கிரீட் வெடித்த விதம், சம்ப் குழிக்கு மூடி இருப்பது, வீட்டின் காற்றோட்டம் என்று எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. வீட்டுக்குள் ரேடான் எந்த அளவுக்குச் சேரும் என்பதை அமெரிக்கா உணர்ந்ததே 1984இல் பென்சில்வேனியாவில் ஒரு தனி வீட்டால்தான். லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை செய்த ஒருவர் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் மணி ஒலித்தது. மின் உற்பத்தியே தொடங்காத நிலையத்தில் அவர் மேல் கதிரியக்கம் எங்கிருந்து ஒட்டியது என்று தேடியபோது, அது அவருடைய வீட்டிலிருந்து வந்தது தெரிந்தது. அந்த வீட்டில் அளந்த ரேடான் ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல்.

இனி பெரியவர்களைப் பற்றி. ரேடான் தானாகவே செய்யும் கேட்டைவிட, அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் போன்ற திடப்பொருள்கள் மூச்சோடு சென்று நுரையீரல் திசுக்களில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்களை வீசுவதால் வரும் கேடே பெரிது. அது பல ஆண்டுகள் சேர்ந்து நுரையீரல் புற்றுநோயாகும் ஆபத்து. தலைவலியோ இருமலோ இதன் அறிகுறி அல்ல. நேற்று 420 காட்டியதால் இன்று எவருக்கும் எதுவும் ஆகிவிடப்போவதில்லை. ஆனால் மாமா புகைபிடித்தவர் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாழ்நாள் முழுவதும் புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும், அவரே அதிக ரேடானிலும் நெடுங்காலம் வாழ்ந்தால் அது மூன்றில் ஒன்றாகிறது என்றும், புகைபிடிக்காதவர் அதே ரேடானில் வாழ்ந்தால் இருபதில் ஒன்று என்றும் கனடிய சுகாதாரத் திணைக்களம் கணக்கிடுகிறது. மேலே வசதியான அறை இருந்து, படியேறுவதும் அவர்களுக்குச் சிரமமில்லை என்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அளவீடு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். சராசரி 200க்கும் 600க்கும் இடையில் வந்தால் இரண்டு ஆண்டுக்குள், 600க்கு மேல் வந்தால் ஓராண்டுக்குள் சரிசெய்யச் சொல்வது வழக்கம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் நாள் முழுவதும் அங்கேயே இருப்பதால், 200ஐத் தாண்டியது உறுதியானதும் அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்குவதே என் யோசனை. 100க்கும் 200க்கும் இடையில் வந்தாலும் செய்வது வீண் செலவல்ல.

எபாக்ஸி ஆலோசனை சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் விரிசலை அடைப்பது மட்டும் ரேடானை நம்பத்தக்க அளவுக்குக் குறைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பத்து விரிசலை அடைத்தால், ஜிப்சம் பலகைக்குப் பின்னால் தெரியாமல் இருக்கும் பதினோராவது வழியே வாயு வரும். வீடு அசைந்து இறங்க இறங்கப் புது விரிசல் விழும். உள்ளே இழுக்கும் அழுத்தம் அப்படியே இருக்கும்வரை இது ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் வேலைதான். அடைப்பு வேலையை விசிறியோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே அதற்குப் பலன் உண்டு.

குழாயும் விசிறியும் கேட்கும் நிறுவனம் சொல்வதே சரியான முறை. கான்கிரீட் தரையில் துளை போட்டு, அதன் வழியே கீழுள்ள சரளையைக் கையால் அள்ளி ஒரு சிறு குழி செய்து, அதில் நான்கு அங்குலக் குழாயை இறக்கி, ஓயாமல் ஓடும் விசிறியால் மண்காற்றை உறிஞ்சி வெளியே விடுவார்கள். இதனால் தரைக்கு அடியிலுள்ள அழுத்தம் வீட்டுக்குள் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. பிறகு விரிசல் இருந்தாலும் வீட்டுக் காற்றுதான் கீழே போகும், மண்காற்று மேலே வராது. நன்றாகப் பொருத்தினால் அளவு 80 முதல் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைவதே வழக்கம். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவுக்கே மின்சாரம் செலவாகும். நீங்கள் சொல்லும் விலையும் இந்த வேலைக்கு வழக்கமானதுதான்.

விலையைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். முதலில், சி-என்.ஆர்.பி.பி. எனப்படும் கனடிய தேசிய ரேடான் தேர்ச்சித் திட்டத்தின் சான்று அவர்களிடம் இருக்க வேண்டும். அடுத்து, குழாய் போடும் இடத்தை வீட்டைப் பார்த்தவுடனே தீர்மானிக்கிறார்களா, சோதித்துத் தீர்மானிக்கிறார்களா என்று கவனியுங்கள். சரியாகச் செய்பவர்கள் ஓரிடத்தில் துளையிட்டு உறிஞ்சும் இயந்திரத்தை வைத்துவிட்டு, தொலைவிலுள்ள மூலைகளில் பென்சில் பருமனுள்ள சிறு துளைகள் போட்டு, அவற்றின் அருகே மெல்லிய புகையைப் பிடிப்பார்கள். புகை வளைந்து துளைக்குள் இறங்கினால் உறிஞ்சும் விசை அந்த மூலைவரை எட்டுகிறது என்று பொருள். மேலே நின்றால் எட்டவில்லை. குழாயின் இடத்தை மாற்ற வேண்டும், அல்லது இன்னொன்று போட வேண்டும். மூன்றாவதாக, எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸும் தண்ணீர் சூடாக்கியும் இருந்தால், விசிறி ஓடும்போது அவற்றின் புகை திரும்பி உள்ளே வரவில்லை என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு ரேடானைப் போல ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது. சம்ப் குழிக்குக் காற்றுப் புகாத மூடி போடுவதும் இந்த வேலையில் அடங்க வேண்டும். விட்டுவிட்டால் விசிறி குழியின் வழியாக வீட்டுக் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும்.

சன்னலைத் திறந்துவைத்தால் அளவு இறங்கும், மூடியதும் சில மணி நேரத்தில் பழையபடி ஏறும். சனவரியில் ஒட்டாவாவில் அது நடக்கிற காரியம் அல்ல. எச்.ஆர்.வி. எனப்படும் காற்று மாற்றும் கருவி வீட்டில் ஏற்கெனவே இருந்தால், வடிகட்டியைச் சுத்தம்செய்து தொடர்ந்து ஓடவிடுங்கள். அளவு வரம்பை ஒட்டி இருந்தால் அதுவே ஓரளவு கைகொடுக்கும். தூசுக்காக விற்கப்படும் காற்றுச் சுத்திகரிப்பானுக்கு ரேடான் வாயுவை வடிகட்டும் திறன் இல்லை.

விசிறி பொருத்திய மறுநாளிலிருந்து சில நாட்கள் டிஜிட்டல் கருவியைப் பார்த்தாலே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனாலும் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி மூன்று மாதம் அளந்து உறுதிசெய்யுங்கள். குழாயின் மேல் வண்ணத் திரவம் நிரம்பிய யு வடிவச் சிறு கண்ணாடிக்குழாய் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் திரவம் வெவ்வேறு உயரத்தில் நின்றால் விசிறி இழுக்கிறது. சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது அல்லது குழாய் எங்கோ கழன்றுவிட்டது. அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை பார்க்கும்படி மாமாவிடமே சொல்லிவையுங்கள். சன்னல்களை மாற்றினாலோ, சுவருக்குப் புதிதாக வெப்பக்காப்பு போட்டாலோ வீட்டின் காற்றோட்டம் மாறும் என்பதால் அப்போதும் அளக்க வேண்டும்.

விற்கும்போது இதைப் பற்றிக் கவலை வேண்டாம். முன் அளவு, பின் அளவு, நிறுவனத்தின் சான்று, விலைப்பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்; வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்டால் அதைக் கொடுத்தால் முடிந்தது. உயர்ந்த அளவு தெரிந்தும் எதுவும் செய்யாமல், கேட்டபோது மறைப்பதுதான் பின்னால் சட்டச் சிக்கலாகக்கூடும். பேஸ்மென்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தாலும் அதே கோப்பு உங்களுக்கு உதவும். 2005ஆம் ஆண்டு வீடு என்பதால், புதிய வீடுகளுக்கு ஒன்ராறியோவில் டேரியன் உத்தரவாதத்தின் கீழ் ஏழு ஆண்டுவரை கிடைக்கும் ரேடான் உதவி உங்களுக்குப் பொருந்தாது. அண்மையில் புது வீடு வாங்கிய உறவினர்கள் இருந்தால், கெடு முடிவதற்குள் ஒரு குளிர்காலம் அளந்துவிடும்படி சொல்லுங்கள்.